வெள்ளைப் பாறையின் வயது: நார்த் பெரிக் தீவுகளில் மனிதரும் பறவைகளும்

1. கேள்வி

எடின்பரோவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஃபோர்த் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கிறது நார்த் பெரிக். மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டாத சிற்றூர். ஒரு சிறு துறைமுகம், அதன் இருபுறமும் மணற்கரை, ஊருக்குப் பின்னால் தனித்து நிற்கும் ஒரு குன்று, எதிரே கடலில் சில பாறைத் தீவுகள். அந்தத் தீவுகளுள் புகழ்பெற்றது பாஸ் பாறை. நீர்மட்டத்திலிருந்து 107 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் இந்தப் பாறை, ஆண்டின் பெரும்பகுதி வெள்ளையாகத் தெரியும். அந்த வெண்மையில் ஒரு பங்கு பறவை எச்சம். மற்றதெல்லாம் உயிருள்ள பறவைகள். வட அட்லாண்டிக் கேனட் என்னும் பெருங்கடற்பறவை பிப்ரவரியில் வரத் தொடங்கி அக்டோபர்வரை இங்கே கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கிறது. 2014 இல் எடுத்த கணக்கின்படி, இந்த இனம் உலகில் வேறெங்கும் அப்போது இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஓரிடத்தில் கூடவில்லை. 1758 இல் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு இட்ட அறிவியல் பெயரிலேயே பாறையின் பெயர் இருக்கிறது. இன்று வழங்கும் 'மோரஸ் பசானஸ்' என்ற பெயரிலும் அது நீடிக்கிறது.

இந்த ஊரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து கிடக்கின்றன. கோட்டை, முற்றுகை, சிறை, சூனியக்காரி வழக்கு ஆகியவற்றைப் பேசுவது ஓர் அடுக்கு. கேனட், பஃபின், கடல்நாய் ஆகியவற்றைப் பேசுவது மற்றொன்று. முதல் அடுக்கில் பறவைகள் பின்னணிக் காட்சியாகவும், இரண்டாவதில் இடிந்த கோட்டைச் சுவர் பறவைகள் உட்காரும் மேடையாகவும் வந்துபோகின்றன. இந்தப் பிரிவினையால் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது: நாம் இன்று காணும் வெள்ளைப் பாறைக்கு வயது என்ன?

எரிமலைப் பாறைக்கு வயது முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல். அதன் மேலுள்ள வெண்மைக்கோ, என் கணிப்பில், நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான். பாறையின் உச்சி முழுவதும் வெளுத்தது அதிலும் பிந்தியது. இன்று வாழும் முதியவர்களின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தது. இந்தத் தீவுகளில் எது வாழும், எது வாழாது என்பதில் ஐந்நூறு ஆண்டுகளாக மனித முடிவுகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2. ஊரின் அடையாளங்கள் சொல்வதும் சொல்லாததும்

பாறைக்குப் போகுமுன் ஊரின் அடையாளச் சின்னங்களைப் பார்த்துவிடலாம். பழையது என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை அவை தெளிவாக்குகின்றன.

ஊருக்குப் பின்னால் நிற்கும் நார்த் பெரிக் லா என்ற குன்று 187 மீட்டர் உயரம். பாஸ் பாறையைப் போலவே இதுவும் பழைய எரிமலையின் குழாயில் உறைந்த கல். சுற்றியிருந்த மென்பாறையைப் பனியாறுகள் அரித்துச் சென்றபின் எஞ்சியது. உச்சியில் இரும்புக் காலக் கோட்டையின் தடயங்களும், நெப்போலியன் காலத்திலும் இரண்டாம் உலகப் போரிலும் கடலைக் கண்காணிக்கக் கட்டிய அறைகளின் இடிபாடுகளும் உள்ளன. 1709 முதல் அங்கே திமிங்கிலத் தாடையெலும்புகள் வளைவாக நிறுத்தப்பட்டிருந்தன. மழையும் காற்றும் தின்றபோதெல்லாம் புதிய எலும்புகளை மாற்றினார்கள். கடைசி எலும்புகள் உளுத்துப்போய் 2005 இல் அகற்றப்பட்டன. 2008 முதல் கண்ணாடியிழையில் செய்த நகல் நிற்கிறது. ஊர் அதைத் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதில் தவறு ஏதும் இல்லை. தொடர்ச்சியைக் காப்பது மூலப்பொருள் அல்ல, மீண்டும் மீண்டும் நிறுத்திவைக்கும் மனிதர்களின் விருப்பம் என்பதற்கு அது நல்ல சான்று.

துறைமுகத்தருகே புனித ஆண்ட்ரூ பழைய தேவாலயத்தின் முகப்பு மண்டபம் மட்டும் நிற்கிறது. கழிமுகத்தைப் படகில் கடந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்குச் சென்ற இடைக்கால யாத்ரீகர்கள் புறப்பட்ட இடம் இது. 1656 இல் வீசிய புயல் ஆலயத்தின் பெரும்பகுதியைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. ஆனால் இந்த இடம் உலகுக்குத் தெரிவது வேறொரு காரணத்தால். ஆறாம் ஜேம்ஸ் மன்னரும் டென்மார்க் இளவரசி ஆனும் மணமுடித்து 1590 இல் ஸ்காட்லாந்து திரும்பினர். அந்தத் திருமணத்தை ஒட்டிய கடற்பயணங்களைக் குலைத்த புயல்களைச் சூனியம் செய்து வரவழைத்ததாகச் சிலர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் இந்த ஆலயத்தில் இரவில் கூடிச் சாத்தானைச் சந்தித்தார்கள் என்பது வழக்கு. டிரானென்ட்டில் வேலைக்காரியாக இருந்த கிலிஸ் டன்கன், நெதர் கீத்தைச் சேர்ந்த மருத்துவச்சி ஆக்னஸ் சாம்சன், பள்ளியாசிரியர் ஜான் ஃபியன் முதலியோர் சித்திரவதைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டனர். முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஊர்களைப் பார்த்தால் ஒன்று புலப்படும்: டிரானென்ட், பிரெஸ்டன்பான்ஸ், நெதர் கீத் எல்லாமே நார்த் பெரிக்கிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்கள். சித்திரவதையில் பெற்ற வாக்குமூலங்களில் கூட்டம் நடந்த இடமாகச் சொல்லப்பட்டதால்தான் வழக்கின் பெயரை இந்த ஊர் சுமக்கிறது. ஒரு புயலுக்கு மனிதக் காரணம் தேடிய அரசு, கையில் அகப்பட்ட எளியவர்களைக் காரணமாக்கியது. கடலோடு மனிதருக்குள்ள உறவை விளக்கும்போது சான்றை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய எச்சரிக்கை இந்தக் கரையில் இல்லை.

டண்டாலன் கோட்டை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 14 ஆம் நூற்றாண்டில் டக்ளஸ் குடும்பம் பாஸ் பாறைக்கு நேரெதிரே கடல்முனையில் கட்டிய செங்கல் நிற மணற்கல் அரண் அது. 1491 இலும் 1528 இலும் மன்னர்களின் முற்றுகையைத் தாங்கி, 1651 இல் கிராம்வெல் படையின் பீரங்கிகளுக்கு முன் வீழ்ந்தது.

3. வருமானமாக இருந்த பறவை

பாஸ் பாறையின் முதல் குடியிருப்பாளர் என்று மரபு சொல்வது, 8 ஆம் நூற்றாண்டில் இங்கே தவமிருந்த புனித பால்டிரெட்டை. அவர் தங்கிய இடமாக நம்பப்பட்ட சரிவில் பின்னாளில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. இடைக்காலம் முழுவதும் பாறை லாடர் குடும்பத்தின் உடைமை. 1406 இல், பின்னாளில் முதலாம் ஜேம்ஸ் ஆன சிறுவன், பிரான்சுக்குப் போகும் கப்பலுக்காக இந்தப் பாறையில் காத்திருந்தான்; ஏறிய கப்பல் ஆங்கிலேயர் கையில் சிக்கி, பதினெட்டு ஆண்டுகள் கைதியாக இருந்தான். வரலாற்று நூல்கள் இதை விரிவாகச் சொல்கின்றன. லாடர் குடும்பம் ஒரு பாறையை ஏன் இவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்தது என்பதைப் பலர் கேட்பதில்லை. காவலுக்கேற்ற இடம் என்பது ஒரு காரணம். பறவை மற்றொன்று.

நார்த் பெரிக்கை அடுத்த கிளெக்ஹார்னியில் பிறந்த அறிஞர் ஜான் மெய்ர், 1521 இல் பாரிசில் வெளியிட்ட பிரிட்டன் வரலாற்று நூலில் பாஸ் கேனட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பறவைகள் குஞ்சுகளுக்காகக் கொண்டுவரும் மீனைப் பாறையில் வாழ்ந்தவர்கள் எடுத்து உண்டதையும், கூட்டுக்காகச் சேர்த்த சுள்ளிகளை விறகாக்கியதையும், பறவையின் கொழுப்புக்கு இருந்த மதிப்பையும் அவர் குறிக்கிறார். மெய்ர் இந்த வட்டாரத்துப் பிள்ளை. நேரில் கண்ட பொருளாதாரத்தைத்தான் எழுதினார் என்று கொள்ளலாம். ஆனால் வளத்தை மிகைப்படுத்தும் அக்கால நடையையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்த நூற்றாண்டின் சான்று இன்னும் உறுதியானது. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, உயிர்களின் பிறப்பைப் பற்றி 1651 இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாறையின் பறவைத் திரளை விவரித்தார். 1661 ஆகஸ்டில் இங்கே வந்த இயற்கையியலாளர் ஜான் ரே, கேனட் ஒரே ஒரு முட்டையிடுவதையும் அதன் குஞ்சு உயர்ந்த விலைக்கு விற்பனையாவதையும் பதிந்தார். டன்பாரில் அதை உண்டும் பார்த்தார். நார்த் பெரிக் சபைக் குருவின் ஊதியத்தில் ஆண்டுக்கு 12 கேனட்டுகளும் சேர்ந்திருந்தன. பணம், தானியம் போலப் பறவையும் கணக்கில் வரும் பொருளாக இருந்தது.

19 ஆம் நூற்றாண்டிலும் இந்த முறை தொடர்ந்தது. பாறையைக் குத்தகைக்கு எடுத்தவர் கரையிலுள்ள கான்டி பே என்ற சிறு குடியிருப்பில் இருந்துகொண்டு ஆகஸ்டில் ஆட்களை இறக்குவார். கயிற்றில் தொங்கியபடி, பறக்கத் தயாராகாத கொழுத்த குஞ்சுகளை எடுத்தார்கள். இறைச்சி, கொழுப்பு, இறகு எல்லாம் விலைபோயின. உரிமையாளருக்குக் குத்தகைப் பணம் வேண்டும். ஆகவே முதிர்ந்த பறவைகளையும் முட்டைகளையும் கண்டபடி எடுப்பதைத் தடுக்க அவருக்குக் காரணம் இருந்தது. பேராசைக்கு ஓர் எல்லை வைத்ததும் அதே பேராசைதான். 'அன்றைய மனிதர் பறவைகளை அழித்தார்' என்ற எளிய கதையை நான் ஏற்காததற்கு இது முக்கியக் காரணம். அவர்கள் அழிக்கவில்லை, ஓர் அளவில் அடக்கிவைத்திருந்தார்கள். மிகுந்த சேதத்தை விளைவித்தது வேறொன்று. ரயில் 1850 இல் ஊரை எட்டியபின், படகிலிருந்து பொழுதுபோக்குக்காகப் பறவைகளைச் சுடுவது பெருகியது. கூட்டிலிருக்கும் பெற்றோரைக் கொல்லும் செயல் அது. குஞ்சை எடுப்பதைவிட ஒரு கூட்டத்தை அது பல மடங்கு வேகமாகச் சுருக்கும். 1869 இன் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் இனப்பெருக்கக் காலத்தில் சுடுவதைத் தடைசெய்தது. குஞ்சு பிடிப்பும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே ஓய்ந்துவிட்டது.

4. சிறைக்குள் ஒரு தோட்டம்

1671 இல் லாடர்டேல் பிரபு அரசுக்காக இந்தப் பாறையை விலைக்கு வாங்கினார். திருச்சபையில் மன்னர் ஏற்படுத்திய ஆயர் ஆட்சியை ஏற்க மறுத்துத் திறந்தவெளியில் வழிபாடு நடத்திய கவனன்டர்களை அடைப்பதற்கு அது பயன்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது பேர் இங்கே வாடினார்கள். போதகர் அலெக்சாண்டர் பீடன் 1673 இல் அடைக்கப்பட்டார். ஜான் பிளாக்கேடர் 1685 இல் பாறையிலேயே இறந்தார். அவர் கல்லறை நார்த் பெரிக்கில் இருக்கிறது. 1691 இல், சிறையிலிருந்த நான்கு ஜேக்கபைட் அதிகாரிகள் (அரியணையிலிருந்து அகற்றப்பட்ட மன்னரின் ஆதரவாளர்கள்), காவலர்கள் வெளியே நிலக்கரி இறக்கப் போயிருந்த நேரத்தில் கதவை அடைத்துப் பாறையையே கைப்பற்றினார்கள். பிரான்சிலிருந்து உணவும் ஆட்களும் வந்துசேர, 1694 ஏப்ரல்வரை அரசை எதிர்த்து நின்று, கௌரவமான நிபந்தனைகளின்பேரில் வெளியேறினார்கள். 1701 இல் கோட்டையை இடிக்க ஆணை பிறந்தது. 1706 முதல் பாறை டால்ரிம்பிள் குடும்பத்தின் உடைமை.

வீரக்கதைகளுக்கு நடுவே என்னை அதிகம் நிறுத்தியது ஒரு கைதியின் குறிப்பு. 1677 இல் இங்கே கொண்டுவரப்பட்ட போதகர் ஜேம்ஸ் ஃபிரேசர் தம் நினைவுக் குறிப்புகளில் பாறையை வர்ணிக்கிறார். இருபதுக்கு மேற்பட்ட ஆடுகள் மேயும் அளவுக்குப் புல் இருந்தது. உயரத்தில் மூலிகைகள் வளர்ந்த ஒரு தோட்டமும், தாம் சுவைத்த பழங்களைத் தந்த சில செர்ரி மரங்களும் இருந்தன. பாஸ் ஆட்டிறைச்சிக்குப் பின்னாளிலும் நல்ல பெயர் இருந்தது. இன்று அதே உச்சியில் கேனட் கூடுகள் முக்கால் மீட்டர் இடைவெளியில் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு புல்லைக் காண்பது அரிது. இரண்டு காட்சிகளும் ஒரே பாறைக்கு உரியவை. ஃபிரேசரின் காலத்தில் பறவைகள் பெரும்பாலும் செங்குத்துச் சரிவுகளில் இருந்தன. ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் நடமாட்டத்துக்கும் உரியதாக உச்சி மனிதர் வசம் இருந்தது.

அந்தத் தோட்டத்தோடு இன்னொரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மர மாலோ என்ற செடி, நம் துத்தி, செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்று மீட்டர்வரை வளரும். அதன் மென்மையான இலைகளைக் காயங்களுக்குக் கட்டுவதற்காகச் சிறைக் காவல்படையினர் 17 ஆம் நூற்றாண்டில் பாஸ் பாறைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பரவலான விளக்கம். சுற்றுலா ஏடுகளில் இது ஐயமற்ற உண்மையாக வருகிறது. ஆனால் ஜான் ரே பாறையில் தாம் கண்ட செடிகளைப் பட்டியலிட்டபோது, கடற்கரைப் பீட், கடல் மருங்கில் வளரும் வேறு இரண்டு செடிகள் ஆகியவற்றோடு மர மாலோவையும் சேர்த்தார்; அவை மிகுதியாக வளர்ந்திருந்தன என்றும் எழுதினார். ரே வந்தது 1661 இல். அரசு பாறையை வாங்கியது 1671 இல். சிறை வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே செடி அங்கே நிலைகொண்டுவிட்டது.

ஆகவே சிறைக் காவலர் கதை அப்படியே நிற்காது. எனினும் முழுதாகத் தள்ளுவதற்கும் இல்லை. லாடர் குடும்பத்தின் கோட்டையில் தலைமுறைகளாக ஆட்கள் இருந்தார்கள். 1652 முதல் கிராம்வெல் படையினரும் இருந்தார்கள். மர மாலோ பிரிட்டனின் தென்மேற்குக் கரைகளுக்கு உரிய செடி. ஃபோர்த் கழிமுகம் அதன் இயல்பான எல்லைக்கு வெகு வடக்கே உள்ளது. மனிதர் கொண்டுவந்திருக்கவே வாய்ப்பு அதிகம். யார், எப்போது என்பதில் மட்டும் மரபுக் கதையை 1661 க்கு முன்னால் தள்ள வேண்டும். காயக்கட்டு என்ற காரணம் நம்பத்தக்கதே. ஆனால் ரே செடியை மட்டுமே பதிகிறார், அதன் பயனை அல்ல.

5. உச்சி வெளுத்தது எப்போது

குஞ்சு பிடிப்பும் சுடுதலும் நின்றபின் எண்ணிக்கை உடனே பொங்கிவிடவில்லை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையில் இருந்தவை சில ஆயிரம் இணைகளே. 1902 இல் டேவிட் ஸ்டீவன்சன் கட்டிய கலங்கரை விளக்கம் ஒளிவிடத் தொடங்கியது. பாறையில் ஒரு கைதியை அடைத்து வைப்பதாக நாவல் எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் உறவினர் இவர். விளக்கைக் காத்தவர்கள் 1988 இல் அது தானியங்கியாகும்வரை அங்கே வாழ்ந்தார்கள்.

1961 முதல் 1963 வரை மூன்று பருவங்கள் ஆய்வாளர் பிரையன் நெல்சனும் அவர் மனைவி ஜூனும், பழைய சிற்றாலயத்தின் இடிபாட்டுக்குள் ஒரு மரக்குடிலை நிறுத்தி அதில் தங்கிக் கேனட்டுகளை ஆராய்ந்தார்கள். கழுத்தைக் கவ்விப் போரிடும் அண்டைவீட்டார், துணை திரும்பும்போது அலகுயர்த்தி வாழ்த்தும் சடங்கு, முட்டையைச் சவ்வுக்கால்களால் மூடி வெப்பமூட்டும் முறை என இந்தப் பறவையைப் பற்றி உலகம் இன்று அறிந்ததில் பெரும்பகுதி அந்தக் குடிலிலிருந்து வந்தது. அப்போது பாறையில் சுமார் ஏழாயிரம் இணைகள் இருந்தன. பெரும்பான்மை சரிவுகளில்தான். அதன்பின் கூட்டம் ஆண்டுதோறும் மேலே ஏறியது. பாதைகளும் பழைய தோட்டச் சுவரும் சிற்றாலயத்தின் சுற்றுப்புறமும் ஒவ்வொன்றாகப் பறவை வசமாயின. 2009 இல் 55,482 கூட்டிடங்கள். 2014 இல் 75,259. வெள்ளை உச்சி இந்தக் காலத்தின் காட்சி.

ஏன் இவ்வளவு பெருகின? முன்வைக்கப்படும் விளக்கங்கள் இரண்டு. வேட்டை நின்றதன் நீண்ட மீட்சி இது என்பது நெல்சனின் நிலை. கேனட் மெதுவாகப் பெருகும் இனம்: ஆண்டுக்கு ஒரு முட்டை, ஐந்து வயதை ஒட்டியே முதல் இனப்பெருக்கம், நீண்ட ஆயுள். இப்படிப்பட்ட இனத்தில் பெரியவை சாகாமலிருந்தாலே போதும். விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியும். மற்றொரு விளக்கம் உணவைச் சுட்டுகிறது. கேனட் சூரையினக் கானாங்கெளுத்தி, ஹெர்ரிங், மணல் விலாங்கு எனப் பல மீன்களை உண்ணும். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து கடலில் பாய்ந்து பிடிக்கும். இழுவைப் படகுகள் வீசியெறியும் கழிவு மீனையும் விடாது. ஒரே வகை மீனை நம்பிய பறவைகள் வட கடலில் தேய்ந்த காலத்தில் இது பெருகியதற்கு அந்த நெகிழ்வு காரணமாகலாம்.

எனக்கு முதல் விளக்கமே வலுவாகப் படுகிறது. ஆனால் ஒரு திருத்தத்தோடு. மேற்குக் கரைக்கு அப்பால் சூலா ஸ்கேர் என்னும் தீவில், லூயிஸ் தீவின் நெஸ் பகுதி ஆண்கள் உரிமத்தின்பேரில் ஆண்டுக்கு 2,000 குஞ்சுகள்வரை பிடித்துவந்தார்கள். அந்தக் கூட்டம் அழியவில்லை. மெதுவாக வளர்ந்தும் வந்தது. அளவோடு குஞ்சு எடுப்பது ஒரு கூட்டத்தின் வேகத்தைக் குறைக்குமேயன்றி வீழ்த்தாது என்பதை இது காட்டுகிறது. பாஸ் பாறையின் கதையில் திருப்பத்தை உண்டாக்கியது குஞ்சு பிடிப்பின் முடிவைவிட, துப்பாக்கி மௌனமானதே எனலாம். சட்டம் ஒன்றின் பலன் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிய நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

6. கிரேக்லீத்தில் செடியும் முயலும்

பாஸ் பாறையின் மர மாலோ அங்கேயே நிற்கவில்லை. துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கிரேக்லீத் தீவிலும், மேற்கே ஃபிட்ராவிலும் பரவியது. கிரேக்லீத் பஃபின்களின் தீவு. 1999 இல் சுமார் 28,000 இணைகள் அங்கே இருந்தன. பஃபின் மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். அடுத்த சில ஆண்டுகளில் மாலோ காடாக வளர்ந்து வளைகளின் வாயை அடைத்தது. ஏப்ரலில் கடலிலிருந்து திரும்பிய பறவைகளால் தங்கள் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. எண்ணிக்கை சில ஆயிரங்களாகச் சரிந்தது. 2007 முதல், நார்த் பெரிக்கிலுள்ள ஸ்காட்லாந்து கடற்பறவை மையம் முன்னெடுத்த இயக்கத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பறவைகள் இல்லாத மாதங்களில் படகேறிப் போய்ச் செடிகளைக் கையால் வெட்டிவருகிறார்கள். விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருப்பதால் இந்த வேலை ஒரே மூச்சில் முடிவதில்லை. பஃபின்கள் மீண்டு வருகின்றன. இந்தத் தீவுகளில் மனிதர் செய்த செயல்களில் நான் மிகவும் மதிப்பது இது.

ஆனால் 'வந்தேறிச் செடி பறவையை விரட்டியது' என்று சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். செடி ஃபோர்த் தீவுகளில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அது காடானது 20 ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். இடைப்பட்ட காலத்தில் அதைத் தடுத்தவை எவை?

ஒன்று முயல். கிரேக்லீத்தில் உணவுக்காக மனிதர்கள் விட்ட முயல்கள் இளஞ்செடிகளைக் கடித்துத் தீர்த்தன. அவற்றின் வளைகளைப் பஃபின்களும் பயன்படுத்தின. 1953 இல் பிரிட்டனுக்கு வந்துசேர்ந்த மிக்சோமடோசிஸ் நோய், பயிரைக் காக்க மனிதர்களாலும் பல இடங்களில் பரப்பப்பட்டு, முயல்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. கிரேக்லீத்தின் முயல்களும் தப்பவில்லை. இரண்டாவது உறைபனி. தெற்கத்திச் செடியான மாலோ கடுங்குளிரில் கருகும். குளிர்காலம் மிதமாகிவர, ஆண்டைத் தாண்டிப் பிழைத்தது. மூன்றாவதாக, பெருகிய பஃபின்களே நிலத்தைக் கிளறி, எச்சத்தால் உரமூட்டி, விதை முளைக்க வெற்றுமண்ணைத் தந்தன. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த மூன்றையும் சேர்த்தே காரணமாக்குகிறது. அதன் முடிவு எனக்கு ஏற்புடையது. செடி வந்தேறி, முயலும் வந்தேறி, ஒன்றை ஒன்று சமன்செய்திருந்தது. முயலை நீக்கியதும் மனிதர் கொண்டுவந்த நோய். குளிரைக் குறைத்ததிலும் மனிதர் பங்கு உண்டு. இத்தனையையும் 'அந்நியச் செடி' என்ற ஒற்றைச் சொல்லின்மேல் ஏற்றினால், பொறுப்பு கையைவிட்டு நழுவிவிடும்.

7. 2022

2022 ஜூனில் பாஸ் பாறையில் கேனட்டுகள் கூட்டிலேயே செத்து விழுந்தன. பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வகை இது. இதன் மரபுவழி 1996 இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஒரு வளர்ப்பு வாத்தினத்தில் கண்டறியப்பட்ட வைரஸ்வரை பின்செல்கிறது. நெருக்கி வளர்க்கும் கோழி, வாத்துப் பண்ணைகளில் பெருகி, காட்டுப் பறவைகளுக்குத் தாவி, மீண்டும் பண்ணைக்கு வந்து எனச் சுற்றியபடியே அது மாறிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தின் சால்வே கழிமுகத்துக்கு வரும் ஸ்வால்பார்ட் பார்னகிள் வாத்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது கொன்றிருந்தது.

பாஸ் பாறையின் பெருமையாக இருந்த நெருக்கமே நோய்க்கு வழியாயிற்று. 2023 இல் எடுத்த கணக்கில் 51,844 கூட்டிடங்கள் இருந்தன. 2014 உடன் ஒப்பிட்டால் முப்பது சதவீதத்துக்கும் மேலான வீழ்ச்சி. அந்த ஒப்பீட்டிலும் ஓர் இடைவெளி உண்டு: 2014 க்கும் நோய்க்கும் இடையில் கூட்டம் மேலும் பெருகியிருந்தால் உண்மை இழப்பு இதைவிடப் பெரிது. பறவைகளில் பொருத்திய கருவிகள் இன்னொன்றையும் காட்டின. தன் கூட்டிடத்தை விட்டு அகலாது எனக் கருதப்பட்ட கேனட், நோய் பரவிய வாரங்களில் வேறு குடியிருப்புகளுக்குப் போய்வந்தது. இனப்பெருக்கம் குலைந்ததால் அலைந்திருக்கலாம். அந்த அலைச்சலே வைரஸைச் சுமந்திருக்கவும் கூடும்.

பிழைத்தவற்றில் சிலவற்றின் கண்கள் மாறியிருந்தன. கேனட்டின் கருவிழித்திரை வெளிர்நீலம். நோயிலிருந்து மீண்ட பறவைகளில் அது கறுப்பாகியிருந்தது. அப்படிப்பட்ட பறவைகளின் இரத்தத்தில் பெரும்பாலும் எதிர்ப்பொருள் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பாறைக்கு வந்துபோன ஒரு தொற்றை உயிருள்ள உடலில் படிக்கக் கிடைத்த ஆவணம் அது.

8. எந்த எண் மீட்சி

கூட்டம் மீண்டுவிட்டது என்று எப்போது சொல்வது? 75,259 ஐத் தொடும்போது என்பதே செய்திகளில் தென்படும் எதிர்பார்ப்பு. இதுவரை பார்த்த சான்றுகளை வைத்து நோக்கினால் அந்த எண் புனிதமானது அல்ல. அது சட்டம், துப்பாக்கியின் மௌனம், கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலம், மீன்பிடிப்பின் கழிவு ஆகியவை சேர்ந்து உண்டாக்கிய ஒரு கணத்தின் அளவு. 17 ஆம் நூற்றாண்டின் பாறையில் ஆடும் செர்ரியும் இருந்தன. அன்று அதுவே இயல்பாகப் பட்டது. 1902 இன் பாறையில் சில ஆயிரம் இணைகள் இருந்தன. அன்று அதுவே இயல்பு.

இதைக் கொண்டு, எந்த எண்ணும் ஒன்றுதான், இழப்பு பெரிதல்ல என்று வாதிடுவது மோசமான முடிவு. நோயால் செத்தவை பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்யும் வயதுப் பறவைகள். மெதுவாகப் பெருகும் இனத்துக்கு அது 19 ஆம் நூற்றாண்டின் துப்பாக்கி செய்த சேதத்தின் அதே வகை. மனித உணவுமுறையின் துணை விளைவாக உருவான சேதம் என்பதால் நம் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. ஆகவே கூட்டிட எண்ணிக்கையைவிட, பெரியவை ஆண்டுக்கு ஆண்டு எத்தனை பங்கு உயிரோடு திரும்புகின்றன என்ற விகிதத்தையே மீட்சியின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வெறுமையான கூட்டிடத்தை இளம் பறவைகள் விரைவில் நிரப்பிவிடலாம். அது மீட்சிபோலத் தோன்றும். உயிர்பிழைப்பு விகிதம் அப்படி ஏமாற்றாது.

2022 இன் கொள்ளைநோய்க்கு நடுவிலும் அந்தப் பாறையில் சில குஞ்சுகள் பொரித்து, வளர்ந்து, கடலில் இறங்கித் தெற்கே நீந்தின. அவற்றில் எஞ்சியவை முதன்முதலாகக் கூடுகட்டும் வயதை 2027 ஐ ஒட்டித்தான் அடையும்.